ரெபெக்காவுக்கு இடமில்லாத இங்கிலாந்து

வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' 1819 டிசம்பர் கடைசியில் வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் 1820 என்று போட்டிருந்தார்கள். மூன்று பாகங்கள், ஒன்றரைப் பவுன் விலை, முதல் அச்சு பத்தாயிரம் பிரதி. படித்து முடித்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஆசிரியர்மீது ஒரு குறை சொன்னார்கள். கதாநாயகன் வில்ஃப்ரட் ஐவன்ஹோவுக்கு ரொவேனாவை மணமுடித்து வைத்தது அநியாயம், ரெபெக்காவை அல்லவா கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் அது. பத்தாண்டு கழித்து, 1830ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் ஸ்காட் இதற்குப் பதில் சொன்னார். அந்தக் காலத்து மதத் துவேஷத்தில் அப்படியொரு திருமணம் நடந்திருக்கவே முடியாது என்பது முதல் காரணம். உயர்ந்த குணத்துக்கு உலக வாழ்வின் சுகம்தான் கூலி என்று இளம் வாசகர்களுக்குக் கற்றுத்தரக் கூடாது என்பது இரண்டாவது.

முதல் காரணத்தில் பிழையில்லை. ஆனால் வரலாற்றில் நடந்திருக்க முடியாத பலவற்றைக் கூசாமல் நடத்திக்காட்டிய நாவல் இது. கோட்டைச் சண்டையில் மண்டை பிளந்து செத்துப்போன ஏதல்ஸ்டன் என்ற பாத்திரம், தன் கருமாதிச் சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து வந்து நிற்கிறான். அச்சக நண்பர் அவன் சாவைத் தாங்கமாட்டாமல் மன்றாடியதால் அப்படி எழுதினேன் என்று ஸ்காட்டே அடிக்குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். செத்தவனைப் பிழைக்க வைத்தவர், ஒரு கல்யாணத்துக்கு மட்டும் வரலாற்றைச் சாட்சிக்கு இழுக்கிறார். எங்கே வரலாற்றை வளைக்கலாம், எங்கே கூடாது என்று இந்த நாவல் எடுத்த முடிவுகளைத்தான் இக்கட்டுரை பார்க்கிறது. வரலாற்றுக் காதல் நாவல் என்ற வடிவத்துக்கே இது முன்மாதிரியாக நின்ற நூல் என்பதால், அந்த முடிவுகள் ஸ்காட்டோடு போய்விடவில்லை.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். ஆண்டு 1194. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் மன்னர் ரிச்சர்ட் ஆஸ்திரியாவில் சிறைப்பட்டுவிட்டார். தம்பி ஜான் அரியணைக்குச் சதி செய்கிறான். செட்ரிக் என்ற சாக்சானியப் பெருநிலக்கிழார், நார்மானியர் வெற்றிக்கு முந்தைய அரச பரம்பரையை மீட்கத் துடிக்கிறார். ஆல்ஃபிரட் மன்னரின் வழிவந்த ரொவேனாவை, இன்னொரு அரச வாரிசான ஏதல்ஸ்டனுக்குக் கட்டிவைப்பது அவர் திட்டம். குறுக்கே நின்றவன் சொந்த மகன் வில்ஃப்ரட். ரொவேனாவைக் காதலித்து, போதாக்குறைக்கு நார்மானிய மன்னரோடு போருக்கும் போனவன். தந்தை அவனுக்குச் சொத்துரிமை இல்லை என்று விலக்கிவிட்டார். அவன் மாறுவேடத்தில் திரும்புகிறான், ஆஷ்பி களத்தில் ஈட்டிப் போட்டியில் வெல்கிறான், காயம்படுகிறான். யார்க் நகர யூதர் ஐசக்கின் மகள் ரெபெக்கா அவனுக்கு வைத்தியம் பார்க்கிறாள். நார்மானியப் பிரபுக்கள் இவர்கள் அனைவரையும் டார்க்வில்ஸ்டன் கோட்டைக்குக் கடத்துகிறார்கள். ராபின் ஹுட்டும் கருங்கவச வீரராக வரும் ரிச்சர்டும் கோட்டையைப் பிடிக்கிறார்கள். டெம்ப்ளர் என்னும் துறவிப் படைவீரர் அமைப்பைச் சேர்ந்த புவா கில்பேர், ரெபெக்காவைத் தூக்கிச் செல்கிறான். அந்த அமைப்பே அவளைச் சூனியக்காரி என்று விசாரித்துத் தீயிலிட முடிவு செய்கிறது. ஐவன்ஹோ வந்து மீட்கிறான். கல்யாணம் ரொவேனாவோடு; ரெபெக்கா தந்தையோடு நாட்டைவிட்டே போகிறாள்.

நாவலின் முதல் பாதியை ஸ்காட் கையால் எழுதவில்லை. 1819 கோடையில் தாங்க முடியாத வயிற்று வலியோடு படுக்கையில் கிடந்து, வில்லியம் லெய்ட்லா, ஜான் பாலன்டைன் ஆகிய இருவரிடம் சொல்லி எழுதவைத்தார். உடம்பு தேறிய பின் மீதியைத் தானே எழுதி நவம்பரில் முடித்தார். ஏறத்தாழ ஐந்து மாதத்து வேலை. இதற்குமுன் அவர் எழுதிய நாவல்கள் ஸ்காட்லாந்தைக் களமாகக் கொண்டவை. கதை நடந்த காலத்தை நேரில் கண்டவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள், உயிரோடு இருந்த காலத்துக் கதைகளும் அவற்றில் உண்டு. இப்போது அறுநூறு ஆண்டுக்கு முந்தைய இங்கிலாந்து. ஒரே சரக்கை விற்றால் வாசகருக்குச் சலித்துவிடும் என்ற வியாபாரக் கணக்கும் இதில் இருந்தது. அதையும் அவர் மறைக்கவில்லை.

அவருக்குக் கையருகே ஓர் எச்சரிக்கை இருந்தது. ஜோசஃப் ஸ்ட்ரட் என்பவர் இங்கிலாந்தின் பழைய உடைகளையும் விளையாட்டுகளையும் ஆராய்ந்த பேரறிஞர். அவர் இடைக்காலத்தைப் பற்றி எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்டுப்போன 'குவீன்ஹூ ஹால்' என்ற கதையை ஸ்காட்தான் முடித்து 1808இல் பதிப்பிக்கச் செய்தார். நூல் படுத்துவிட்டது. பழம்பொருள் அறிவை அள்ளிக் கொட்டினால் கதை மூச்சுத் திணறும் என்று ஸ்காட் அங்கே கற்றுக்கொண்டார். 'ஐவன்ஹோ'வின் முகப்பில் லாரன்ஸ் டெம்பிள்டன் என்ற கற்பனை ஆசிரியர், யார்க்கில் இருக்கும் டிரையஸ்டஸ்ட் என்ற கற்பனைப் பண்டிதருக்கு எழுதும் நீண்ட கடிதம் இருக்கிறது. பழைய மொழியிலேயே எழுத வேண்டியதில்லை, மனிதரின் ஆசாபாசங்கள் எல்லாக் காலத்துக்கும் பொது, அந்தக் காலத்துக்கு ஒவ்வாததைப் புகுத்தாமல் இருந்தால் போதும் என்பது அதன் சாரம். இன்றும் வரலாற்று நாவலாசிரியர்கள் நேர்காணல்களில் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள்.

ஒவ்வாததைப் புகுத்தாமல் இருந்தாரா என்றால், இல்லை. சாக்சானியக் கிழவி உல்ரிகா ஸ்லாவியத் தெய்வம் ஒன்றைக் கூவி அழைக்கிறாள். ராபின் ஹுட் ரிச்சர்டின் காலத்தவன் என்பது 16ஆம் நூற்றாண்டில் ஒரு ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர் சொல்லிவைத்தது. பழைய கதைப்பாடலில் வருவதோ எட்வர்ட் என்ற மன்னர். இவை சில்லறைப் பிழைகள். முதல் விமர்சகர்கள் தொடங்கி இன்றுவரை இவற்றைப் பொறுக்கியெடுப்பதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. நாவலின் அடித்தளமே வரலாற்றுக்கு முரணானது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். கதை நடப்பது அதற்கு 128 ஆண்டுக்குப் பின். அப்போதும் சாக்சானியரும் நார்மானியரும் தனித்தனி இனங்களாக, தனித்தனி மொழி பேசி, ஒருவரையொருவர் வெறுத்து வாழ்ந்தார்கள் என்று ஸ்காட் எழுதுகிறார். இரண்டாம் ஹென்றியின் கருவூல அதிகாரி ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், கதை நடக்கும் காலத்துக்குப் பதினைந்து ஆண்டு முன்பு, கருவூல நடைமுறை பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். இரு தரப்பும் கலந்து வாழ்ந்து பெண் கொடுத்துப் பெண் எடுத்துவிட்டதால், சுதந்திரக் குடிகளில் யார் ஆங்கிலேயர் யார் நார்மானியர் என்று பிரித்துச் சொல்வதே கடினம் என்று அதில் எழுதியிருக்கிறார். பண்ணையடிமைகள் மட்டும் விதிவிலக்கு. அதாவது பிளவு இருந்தது, அது இனத்தால் அல்ல, வர்க்கத்தால்.

ரிச்சர்டின் கொள்ளுப்பாட்டி மட்டில்டா ஸ்காட்லாந்து இளவரசி. தாய்வழியில் ஆல்ஃபிரட் மன்னரின் வெசெக்ஸ் வம்சத்தவள். 1100இல் முதலாம் ஹென்றியை அவள் மணந்தபோதே பழைய ரத்தம் புதிய அரியணையில் கலந்துவிட்டது. செட்ரிக் யாரை எதிர்த்து ஆல்ஃபிரடின் வாரிசைத் தேடுகிறாரோ, அந்த ரிச்சர்டே ஆல்ஃபிரடின் வாரிசுதான். நாவலில் ஏதல்ஸ்டனின் இருப்பிடமாகவும் சாக்சானியப் பழம்பெருமையின் கடைசி அடையாளமாகவும் வருவது கோனிஸ்பரோ கோட்டை. யார்க்ஷயரில் இன்றும் நிற்கிறது: ஆறு பெரிய உதைசுவர்கள் தாங்கும் வட்டமான கல் கோபுரம். அதன் வடிவத்தைப் பார்த்து இது சாக்சானியர் கட்டியது என்று ஸ்காட் முடிவு செய்துவிட்டார். உண்மையில் அதைக் கட்டியவர் ஹாமெலின். 1180ஐ ஒட்டிய காலம். இவர் இரண்டாம் ஹென்றியின் தந்தைக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த மகன். ரிச்சர்டுக்குத் தந்தைவழி நெருங்கிய உறவு. சாக்சானியப் பெருமைக்கு ஸ்காட் தேர்ந்தெடுத்த வீடு, மன்னர் குடும்பம் அப்போதுதான் கட்டி முடித்த புது வீடு!

ஏன் இந்தக் கற்பனைப் பகை? ஜான் லோகனின் 'ரன்னிமீட்' நாடகத்தில் இரு தரப்புப் பிரபுக்களும் எதிரெதிரே நிற்பதைக் கண்டு யோசனை பிறந்தது என்று ஸ்காட் சொல்கிறார். அது விதை, நிலம் வேறு. நார்மானியர் வந்து பறித்த பழைய உரிமைகள் என்ற பேச்சு 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர் காலத்திலிருந்தே இங்கிலாந்து அரசியலில் உண்டு. ஸ்காட்டின் சொந்த நாடு 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தது. ஸ்காட்லாந்தில் எழுந்த 1745 கிளர்ச்சி தோற்ற கதையிலிருந்துதான் அவர் நாவலாசிரியராகவே தொடங்கினார். தோற்றவனும் வென்றவனும் சேர்ந்து ஒரு தேசமாவது எப்படி என்பதே அவர் வாழ்நாள் கேள்வி. 'ஐவன்ஹோ' எழுதிக்கொண்டிருந்தபோது, 1819 ஆகஸ்ட் 16 அன்று, மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. டோரிக் கட்சிக்காரரான ஸ்காட் அரசின் பக்கம் நின்றார். கலவரத்துக்கு அஞ்சித் தொண்டர் படை திரட்டும் முயற்சியிலும் இறங்கினார். நாடு இரண்டாகப் பிளக்கும் என்று பயந்த மனிதர், பிளவு கல்யாணத்தில் முடியும் ஒரு கதையை எழுதினார். அதற்கு முதலில் ஒரு பிளவு வேண்டும். பிளவு ஏற்கெனவே ஆறிப்போயிருந்தால், அதை மறுபடி கீறித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கற்பனை பிறகு வரலாறாகவே ஆகிவிட்டது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஒகுஸ்தென் தியெரி 'ஐவன்ஹோ'வைப் படித்து மெய்சிலிர்த்து 1820இல் கட்டுரை எழுதினார். 1825இல் அவர் வெளியிட்ட, நார்மானியர் இங்கிலாந்தை வென்ற வரலாறு முழுக்க வென்ற இனம், தோற்ற இனம் என்ற இரண்டு தூண்கள்மீது நின்றது. வர்க்கப் போராட்டம் என்ற கருத்துக்குப் பிரெஞ்சு வரலாற்றெழுத்தில் தந்தை என்று மார்க்ஸ் பின்னாளில் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டது இதே தியெரியைத்தான். வயிற்றுவலியோடு ஒரு டோரிக்காரர் படுக்கையில் சொல்லி எழுதவைத்த கதை, சுற்றிவளைத்து எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

சமரசம் என்ற வேலைக்கு ஸ்காட் நியமித்த ஆள் ஐவன்ஹோ. பிறப்பால் சாக்சானியன், விசுவாசத்தால் நார்மானியன். ஸ்காட்டின் நாயகர்கள் பெரும்பாலும் நடுத்தர மனிதர்கள், இரு முகாம்களுக்கும் நடுவில் நிற்பதாலேயே கதையைத் தாங்குகிறார்கள் என்று விமர்சகர் ஜார்ஜ் லூகாச் எழுதினார். ஐவன்ஹோ இதற்குச் சற்று அதிகமாகவே பொருந்துகிறான். தன் பெயரைத் தாங்கிய நாவலின் நடுப்பகுதி முழுவதும் அவன் படுக்கையில் கிடக்கிறான். கடைசிச் சண்டையிலும் அவன் ஈட்டி எதிரியின் கேடயத்தில் பட்டும்படாமல்தான் படுகிறது. புவா கில்பேர் செத்து விழுவது தன் மனத்துக்குள் மோதிய உணர்ச்சிகள் தாங்காமல். சண்டை, கோட்டை, வில்போட்டி எல்லாம் சுவையாக இருக்கின்றன; இளவயதில் படிப்பவரை இழுப்பவை அவைதாம். ஆனால் நாவலின் உயிர் இன்னொரு குடும்பத்திடம் இருக்கிறது.

யூதர்களைக் கதைக்குள் கொண்டுவந்ததற்கு ஒரு நண்பரின் பங்கு உண்டு. ஸ்காட்டின் மருமகன் லாக்ஹார்ட் எழுதிய வாழ்க்கை வரலாறு இதைச் சொல்கிறது. நோய்ப்படுக்கையருகே அமர்ந்திருந்த ஜேம்ஸ் ஸ்கீன், இளமையில் ஜெர்மனியில் தான் கண்ட யூதர்களின் நிலைமையைப் பேசினார். அதைக் கதையில் சேர்க்கலாமே என்றார். ஸ்காட் அதை மறக்கவில்லை. அந்த 1819 ஆகஸ்டில்தான் ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க்கில் தொடங்கி ஊர் ஊராக யூத எதிர்ப்புக் கலவரங்கள் பரவின.

இப்போது 1194க்கு வருவோம். ரிச்சர்ட் 1189 செப்டம்பரில் முடிசூடிய அன்று வெஸ்ட்மின்ஸ்டர் வாசலில் பரிசுப்பொருளோடு வந்த யூதர்கள் விரட்டப்பட்டார்கள்; லண்டனில் கொலையும் தீவைப்பும் நடந்தன. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மன்னர் சிலுவைப் போருக்காக நாட்டைவிட்டுப் போயிருக்க, வன்முறை கிழக்கு இங்கிலாந்து வழியாக வடக்கே ஏறியது. 1190 மார்ச் 16 இரவு யார்க்கில், அரச கோட்டையின் மரக் கோபுரத்துக்குள் அடைக்கலம் புகுந்த ஏறக்குறைய 150 யூதர்கள், வெளியே காத்திருந்த கூட்டத்தின் கையில் சிக்குவதைவிடத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளத் துணிந்தார்கள். பலர் அப்படி இறந்தார்கள். மிஞ்சியவர்கள், உயிருக்கு உத்தரவாதம் தந்ததை நம்பி மறுநாள் காலை வெளியே வந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கூட்டத்தின் தலைமையில் இருந்தவர்கள் யூதர்களிடம் கடன்பட்ட சிறு பிரபுக்கள். கொலை முடிந்ததும் அவர்கள் நேரே பேராலயத்துக்குப் போனார்கள். அங்கே பாதுகாப்புக்கு வைத்திருந்த கடன் பத்திரங்களைக் கைப்பற்றி, ஆலயத்துக்குள்ளேயே குவித்துக் கொளுத்தினார்கள். யார்க்ஷயரைச் சேர்ந்த பாதிரியார் வில்லியம், நியூபரோ மடத்திலிருந்து இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். நோக்கம் மதமா, கணக்குத் தீர்ப்பதா என்ற விவாதத்துக்கு அந்தக் கடைசிச் செயலே விடை.

கதை நடக்கும் ஆண்டிலேயே இதன் தொடர்ச்சி இருக்கிறது. ரிச்சர்டை விடுவிக்கக் கேட்ட தொகை ஒன்றரை லட்சம் மார்க். அவர் 1194 மார்ச்சில் நாடு திரும்பினார். அதே மாதம் 30ஆம் தேதி நார்தாம்ப்டனில் யூதர்களின் பிரதிநிதிகள் கூடி, மன்னரின் மீட்புப் பணத்துக்காகத் தங்கள் தலையில் விழுந்த 5,000 மார்க்கை ஊர்வாரியாகப் பங்கிட்டார்கள். அந்தக் கணக்குப் பட்டியல் கிடைத்திருக்கிறது. அதில் யார்க் இல்லை. கொடுக்க அங்கே ஆள் இல்லை. அதே ஆண்டில் அரசு ஒரு புதிய ஏற்பாட்டையும் செய்தது: யூதர் கொடுக்கும் கடனுக்கெல்லாம் இரட்டைப் பத்திரம் எழுதி, ஒரு படியைப் பல பூட்டுப் போட்ட பொதுப் பெட்டியில் வைக்க வேண்டும். யார்க்கில் எரிந்தவை யூதரின் சொத்து மட்டுமல்ல, யூதரிடமிருந்து அரசு கறக்க வேண்டிய பணத்தின் ஆதாரமும் என்பதால் வந்த அக்கறை இது. சட்டப்படி யூதர் மன்னரின் உடைமை.

ஆக 1194இல் யார்க் நகரத்து ஐசக் என்றொருவர், வீடும் பணமும் மகளுமாக அந்த ஊரில் வாழ்ந்திருக்க முடியாது. ஸ்காட்டின் எல்லாக் காலமுரண்களிலும் பெரியது இது. விமர்சகர்களின் பட்டியல்களில் அதிகம் பேசப்படாததும் இதுதான். யார்க் படுகொலை கதையோட்டத்தில் இடம்பெறவே இல்லை. அதைக் கொண்டுவந்திருந்தால், நாட்டைக் காப்பாற்றத் திரும்பி வரும் நல்ல மன்னர் என்ற சித்திரம் நிற்காது. சாக்சானியர், நார்மானியர் இருவரையும் சேர்த்துவைக்கும் கல்யாணப் பந்தலும் நிற்காது. ஏனென்றால் யூதரை அடிக்கும்போது அந்த இரண்டு தரப்புக்கும் வேறுபாடு இருந்ததில்லை.

ஆனால் நாவலாசிரியர் மறைத்ததை நாவல் சொல்லிவிடுகிறது. செட்ரிக்கின் விருந்து மண்டபத்தில் மழைக்கு ஒதுங்க வரும் ஐசக்குக்கு, நார்மானியனும் சாக்சானியனும் வேலைக்காரனும் என ஒருவர்கூட உட்கார இடம் விடுவதில்லை. மாறுவேடத்தில் இருக்கும் ஐவன்ஹோ மட்டும் தன் இடத்தைத் தருகிறான். நாவல் முழுக்கச் சண்டையிடும் இரு தரப்பும் முழுமனதாக ஒத்துப்போகும் இடம் இது ஒன்றுதான்.

22ஆம் அத்தியாயத்தில் கோட்டையின் நிலவறை. ஐசக்கின் முன் இரும்புக் கம்பித் தட்டு. அடியில் கரி கனிந்துகொண்டிருக்கிறது. ஆயிரம் பவுன் வெள்ளி கொடு, இல்லாவிட்டால் இதன்மேல் கிடத்துவேன் என்கிறான் கோட்டைக்காரன். ஐசக் பேரம் பேசுகிறார், கெஞ்சுகிறார், கடைசியில் ஒப்புக்கொள்கிறார். யார்க்குக்குப் போய்ப் பணம் கொண்டுவர மகளை அனுப்புங்கள் என்கிறார். மகளை டெம்ப்ளருக்குக் கொடுத்தாயிற்று என்று பதில் வருகிறது. அடுத்த நொடி அந்தக் கிழவர் வேறு மனிதர். மகள் பத்திரமாக வராமல் ஒரு வெள்ளிக்காசு பெயராது, என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்கிறார். அதுவரை அவரை ஷேக்ஸ்பியரின் ஷைலக்கைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த ஸ்காட்டின் பேனா, இங்கே அந்த அச்சை உடைக்கிறது. காசுக்காக நடுங்கும் யூதக் கிழவர் என்ற கேலிச்சித்திரம் நாவலில் நிறையவே இருக்கிறது. அதை மன்னிக்க நான் தயாரில்லை. ஆனாலும் இந்த ஓர் அத்தியாயம் அதன் கணக்கில் கொஞ்சம் கழித்துவிடுகிறது.

ரெபெக்காவுக்கும் ஷேக்ஸ்பியரில் ஒரு முன்னோடி உண்டு. ஷைலக்கின் மகள் ஜெசிக்கா தந்தையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காதலனோடு ஓடி மதம் மாறுகிறாள். ரெபெக்கா எல்லாவற்றிலும் அதற்கு நேரெதிர். கவசமும் குதிரையும் இரவல் வாங்கியதற்கு ஐவன்ஹோவின் வேலையாள் எண்பது பொற்காசு கொடுத்துவிட்டுப் போகிறான். ஐசக் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்து எண்ணிக்கொள்கிறார். வாசல் தாண்டுமுன் ரெபெக்கா அவனைத் தனியே அழைத்து நூறாகத் திருப்பிக் கொடுக்கிறாள், இருபது அவனுக்கு. கோட்டை உச்சியில் புவா கில்பேர் நெருங்கும்போது கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்று, ஓரடி எடுத்து வைத்தால் குதிப்பேன் என்கிறாள். நான்கு ஆண்டு முன்பு யார்க் கோபுரத்தில் இருந்தவர்கள் எடுத்த முடிவும் அதுவே என்பது ஸ்காட்டின் மனத்தில் இருந்ததா, தெரியாது. படிக்கும் நமக்கு இருந்தாக வேண்டும்.

முற்றுகையின்போது படுத்திருக்கும் ஐவன்ஹோவுக்கு, வெளியே நடக்கும் சண்டையை அவள் சாளரத்தருகே நின்று சொல்லிக்கொண்டே வருவது 29ஆம் அத்தியாயம். அம்பு தைக்கும் இடத்தில் நிற்பவள் அவள். வீரத்தைப் பற்றிப் பேருரை ஆற்றுபவன் படுக்கையில் இருப்பவன். கீர்த்தி, கீர்த்தி என்கிறாயே, அது துருப்பிடித்த கவசமாகக் கல்லறைமேல் தொங்குவதைத் தவிர வேறென்ன என்று அவள் மடக்குகிறாள். கிறிஸ்தவப் பெண்ணாக இருந்தால் உனக்குப் புரியும் என்பதைத் தவிர அவனிடம் பதில் இல்லை. வீரயுகக் கதைகளை உலகம் முழுவதும் மறுபடி மோகிக்க வைத்தது இந்த நாவல். 1839இல் ஸ்காட்லாந்தின் எக்லின்டனில் பிரபுக்கள் நிஜக் கவசம் பூண்டு ஈட்டிப் போட்டி நடத்தப் போய்ப் பெருமழையில் நனைந்தார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களின் போலி வீரப் பெருமைக்கு ஸ்காட்டே பொறுப்பு என்று மார்க் ட்வைன் 1883இல் சாடினார். ட்வைன் சொன்னதில் பாதி நியாயம். மறுபாதி நாவலுக்குள்ளேயே ரெபெக்கா சொல்லிவிட்டது.

சூனிய விசாரணை வரலாற்றுப்படி ஒட்டாது. பெண்களைச் சூனியக்காரிகள் என்று கொளுத்திய பெருவேட்டை பிந்தைய நூற்றாண்டுகளுக்கு உரியது. டெம்ப்ளர் தலைவர் இருந்தது பாலஸ்தீனக் கரையில். மன்னரின் உடைமையான யூதப் பெண்ணை விசாரிக்க அவர்களுக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் விசாரணையின் உள்ளே ஒரு துளி உண்மை இருக்கிறது. சாட்சியாக இழுத்து வரப்படுபவன் ஹிக் என்ற முடவன். படுக்கையில் கிடந்தவனை ரெபெக்காவின் தைலம் ஊன்றுகோலோடு நடக்கவைத்தது. அதுவே அவளுக்கு எதிரான ஆதாரம் ஆகிறது: யூதப்பெண் கொடுத்த மருந்து பலித்தால் அது சூனியமல்லாமல் வேறென்ன? வேண்டும்போது அவர்களின் கைத்திறனும் காசும் வேண்டும். வேண்டாதபோது அவையே குற்றம். 1275இல் வட்டித் தொழிலைத் தடைசெய்து, 1290இல் எல்லா யூதரையும் நாட்டைவிட்டே விரட்டிய முதலாம் எட்வர்டின் அரசும் இந்தத் தர்க்கத்தில்தான் நடந்தது.

கடைசி அத்தியாயம். கல்யாணத்துக்குச் சாக்சானியரும் நார்மானியரும் கூடி வந்து வாழ்த்துகிறார்கள். இரண்டு இனமும் ஒன்றாகப் போவதன் அடையாளம் இது என்று ஸ்காட் வெளிப்படையாகவே எழுதுகிறார். இரண்டு நாள் கழித்து ரெபெக்கா ரொவேனாவைத் தனியாகப் பார்க்க வருகிறாள். ஐவன்ஹோவைப் பார்க்க அல்ல. வைரப் பேழையைக் கையில் கொடுக்கிறாள். இங்கேயே இரு, மதம் மாறலாம், உனக்குச் சகோதரியாக இருப்பேன் என்கிறாள் ரொவேனா. நல்ல மனதோடு சொன்னதுதான்; அதனால் அதன் நிபந்தனை மாறிவிடவில்லை. ரெபெக்கா மறுக்கிறாள். என் தந்தையின் சகோதரர் கிரானடா மன்னர் போவாப்திலின் ஆதரவில் இருக்கிறார், அங்கே போகிறோம் என்கிறாள்.

இங்கே ஸ்காட் தவறியது கொஞ்சநஞ்சமல்ல. போவாப்தில் 15ஆம் நூற்றாண்டு இறுதியில் ஆண்டவர், கிரானடாவின் கடைசி முஸ்லிம் மன்னர். 1194இல் கிரானடா அரசு என்று ஒன்று பிறக்கவே இல்லை. தெற்கு ஸ்பெயின் அப்போது அல்முவஹித் ஆட்சியில் இருந்தது. யூதரைக் கட்டாயமாக மதம் மாற்றிய ஆட்சி. யூத அறிஞர் மைமோனிடீஸின் குடும்பம் கோர்டோபாவைவிட்டு ஓடியது இவர்களுக்குப் பயந்துதான். போவாப்திலின் காலத்தையே எடுத்துக்கொண்டாலும், 1492இல் அவர் தோற்ற சில மாதங்களில் ஸ்பெயின் யூதர் அனைவரும் விரட்டப்பட்டார்கள். ஆக ரெபெக்கா போகும் புகலிடம், எந்த நூற்றாண்டில் வைத்துப் பார்த்தாலும் புகலிடம் அல்ல. ஸ்காட் வேண்டுமென்று செய்ததல்ல இது. ஆனால் நாவலின் பிழைகளிலேயே உண்மைக்கு மிக அருகில் வரும் பிழை இதுதான்.

இந்த முடிவு இந்தியாவுக்கும் வந்தது. பங்கிம் சந்திரரின் 'துர்கேசநந்தினி' (1865) வந்தபோதே வங்காள வாசகர்கள் 'ஐவன்ஹோ'வின் சாயலைக் கண்டார்கள். எழுதும்போது அதைப் படித்திருக்கவில்லை என்று பங்கிம் மறுத்ததாகச் சொல்வார்கள். காயம்பட்ட ராஜபுத்திர நாயகனுக்குப் பணிவிடை செய்து, அவனை நேசித்து, கடைசியில் மணப்பெண்ணுக்கு நகைகளைக் கொடுத்துவிட்டு விலகும் ஆயிஷா அங்கே முஸ்லிம் பெண். சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவல் 'மார்த்தாண்டவர்மா' (1891) மாறுவேட நாயகன் உட்பட ஸ்காட்டிடம் பட்ட கடன் பெரிது. அதில் நாயகனைக் காப்பாற்றிக் காதலித்து இழப்பவள் சுலைகா. யூதப்பெண்ணின் இடத்தில் முஸ்லிம் பெண் வந்து அமர்ந்தாள். கதையின் கணக்கு அப்படியே இருந்தது. திருகோணமலை சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி' (1895) தமிழில் வரலாற்று நாவலைத் தொடங்கிவைத்தது. அரை நூற்றாண்டு கழித்துக் கல்கி வந்தார். அவர் நாவல்களைப் பேசும்போது ஸ்காட், டூமா பெயர்களை விமர்சகர்கள் எடுக்காமல் இருப்பதில்லை. மாறுவேடங்களையும் சுரங்க வழிகளையும் காட்டித்தான் அந்த ஒப்பீட்டைச் செய்வார்கள். எனக்குப் பொருத்தமாகத் தெரிவது வேறு. 'சிவகாமியின் சபத'த்தில் மாமல்லன் பாண்டிய இளவரசியை மணக்கிறான். சிற்பியின் மகள் இறைவனுக்கே தன்னைத் தந்துவிடுகிறாள். அரசு சேரும் கல்யாணத்தில் காதலுக்கு இடமில்லை. இதை நேரடித் தாக்கம் என்று நான் சொல்லவில்லை. கல்கிக்குத் தேவதாசி மரபும் ஆண்டாள் மரபும் கையருகே இருந்தன. தேசத்தைக் கட்டும் வரலாற்று நாவல் ஒவ்வொன்றும் யாரோ ஒரு பெண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்தித்தான் முடிகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஸ்காட் அவளை வெளியே நிறுத்தினாலும் அங்கே நிற்பவளைத்தான் நாம் பார்க்கும்படி எழுதினார். ரெபெக்காவின் நினைவு ஐவன்ஹோவுக்கு ரொவேனா விரும்பியிருக்கக்கூடியதைவிட அடிக்கடி வந்திருக்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை வேறு நழுவவிட்டுப் போகிறார். ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே அதைப் பிடித்துக்கொண்டு, ரெபெக்காவை மணமுடித்து வைக்கும் கிண்டல் தொடர்ச்சி ஒன்றை 1850இல் எழுதினார். அங்கே அவள் கிறிஸ்தவளாகிவிடுகிறாள். மதம் மாறாத ரெபெக்காவுக்கு இடம் கொடுக்க அவராலும் முடியவில்லை.

ஈட்டிப் போட்டியும் ராபின் ஹுட்டும் மட்டும் நிற்கும் சுருக்கப் பதிப்புகளிலோ, 1952 ஹாலிவுட் படத்திலோதான் 'ஐவன்ஹோ' நம்மில் பலருக்கு அறிமுகம். முழு நூலையும் படிக்கப் பொறுமையில்லாதவர்கள் 22, 24, 29, 37, 44 ஆகிய ஐந்து அத்தியாயங்களை மட்டுமாவது எடுத்துப் படியுங்கள். ஆஷ்பி மைதானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.